சுற்றுலா நிறுவனத்துக்கு நான்காவது புகார் கடிதம்

பெறுநர்: வாடிக்கையாளர் சேவை மேலாளர்

பொருள்: இத்தாலிப் பயணத்தின் ஏழாம் நாள் – கட்டணத்தைத் திருப்பித் தரக் கோருதல்

ஐயா,

வணக்கம். முந்தைய மூன்று கடிதங்களுக்கும் "தங்கள் கருத்துக்கு நன்றி" என்ற ஒரே வரிதான் பதிலாக வந்தது. இதற்கும் அதையே அனுப்பிவிட வேண்டாம் எனப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

ஏழாம் நாள் நிரலில் "சாந்தா குரோச்சே தேவாலயத்தில் கவிஞர் தாந்தேயின் சமாதி தரிசனம்" என்று அச்சிட்டவர்கள் நீங்கள். புளோரன்ஸ் நகரிலுள்ள அந்தத் தேவாலயத்தில் சிற்பி மைக்கலாஞ்சலோ இருக்கிறார், அரசியல் சிந்தனையாளர் மாக்கியவல்லி இருக்கிறார், இறந்து 95 ஆண்டுகள் கழித்து 1737இல் உரிய கல்லறைக்கு மாற்றப்பட்ட கலிலியோவும் இருக்கிறார். தாந்தே இல்லை. 1302இல் புளோரன்ஸ் நகரம் துரத்திவிட்ட அந்த மனிதர் 1321இல் ராவென்னா நகரில் இறந்து அங்கேயே அடக்கமானார். பின்னாளில் அவர் உடலைப் புளோரன்ஸ் எவ்வளவு கேட்டும் ராவென்னா கொடுக்கவில்லை. ஐந்து நூற்றாண்டு கழித்து எழுப்பிய வெற்றுக் கல்லறையைக் காட்டி உங்கள் வழிகாட்டி "இங்கேதான் உறங்குகிறார்" என்றார். என் மனைவி செருப்பைக் கழற்றிவிட்டுக் கைகூப்பி நின்றாள். அருகில் நின்ற ஒரு மாணவி சங்கடத்துடன் உண்மையைச் சொன்னபோது எங்களுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

அன்றிரவு உங்கள் உதவி எண்ணில் பேசியவர், "செத்தவர் எங்க இருந்தா என்ன சார், போட்டோ எடுத்தீங்களா இல்லையா?" என்று கேட்டார். நாற்பது ஆண்டு வரலாறு கற்பித்தவனிடம் கேட்ட கேள்வி இது. ஐயா, அந்தக் குரலை என்னால் இன்னும் மறக்க முடியவில்லை. மறுநாள் காலை பதினொரு மணிக்கு ராவென்னா செல்லக் கார் வரும் என்று உறுதி சொன்னவரும் அவரே. ஒன்றரை மணி வரை விடுதி வாசலில் நின்றோம். பிறகு சொந்தச் செலவில் ரயில் மாறிப் போய்ச் சேர்ந்தபோது, அந்தச் சின்ன வெள்ளை மண்டபத்தின் கதவு அடைத்திருந்தது. கதவுக்கு மேலே லத்தீனில் பொறித்திருந்த "கவிஞர் தாந்தேயின் கல்லறை" என்ற வரியை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பினோம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். கலிலியோவின் தொலைநோக்கிகளும், கல்லறை மாற்றும்போது எடுத்த அவருடைய விரலும் உள்ள அருங்காட்சியகம் அதே ஏழாம் நாள் நிரலில் இருந்தது. நேரமில்லை என்று அதை விட்டுவிட்டு, தோல் பொருள் கடையில் எங்களை ஒன்றரை மணி நேரம் உட்கார வைத்தது எந்த நியாயம்?

ஒன்பது நாள் பயணமும் எங்களுக்கு முற்றிலும் பாழாகிவிட்டது. ஆகவே முழுக் கட்டணத்தையும், ரயில் செலவையும் திருப்பித் தர வேண்டும். உங்கள் நிறுவனத்தின் மீது எனக்குத் தனிப்பட்ட வெறுப்பு எதுவும் இல்லை. ஆனால் பதினைந்து நாட்களுக்குள் கையெழுத்திட்ட பதில் வராவிட்டால், நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு கொடுப்பேன். அந்தத் தொலைபேசி உரையாடல் பதிவையும் அங்கே கேட்டுப் பெறுவேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: பயண நிரல் பிரதி, ரயில் பயணச்சீட்டுகள். தோல் கடை ரசீது இல்லை. அங்கே நாங்கள் எதுவும் வாங்கவில்லை.