மருந்து கழுவும் நீருக்கு ஒரு பங்கசுக் குழி

ஆசிரியர் அவர்களுக்கு,

நஞ்சேறிய மண்ணைக் காளான்கள் தூய்மையாக்குவது பற்றித் தங்கள் பத்திரிகையில் வெளிவந்த கட்டுரையை வரவேற்கிறேன். எனினும், எந்த நஞ்சையும் காளான் அழித்துவிடும் என்று வாசகர் எண்ணிவிடக்கூடும் என்பதாலும், மலையகத் தோட்டங்களுக்கு இவ்விடயம் நேரடியாகப் பொருந்துவதாலும் இதை எழுதுகிறேன்.

காளான்கள் பங்கசுக் கூட்டத்தைச் சேர்ந்தவை. அக்கூட்டத்தில் மரத்தை வெளுக்கச் செய்து உக்கவைக்கும் பங்கசுகள், மரத்துக்கு உறுதி தரும் இலிக்னினைச் சிதைப்பதற்காக லக்கேசு, மங்கனீசுப் பெரொட்சிடேசு, இலிக்னின் பெரொட்சிடேசு முதலிய நொதியங்களைத் தம் கலங்களுக்கு வெளியே சுரக்கின்றன. இலிக்னினின் கட்டமைப்பு ஒழுங்கற்றது. ஆகவே இந்நொதியங்கள் ஒரே வகை மூலக்கூறை மட்டும் தேடாமல், இலத்திரன்களைப் பறித்து, மூலிகங்கள் எனப்படும், எளிதில் தாக்கம் புரியும் நிலையற்ற துணிக்கைகளை உண்டாக்கி, அவற்றின் வழியே பிணைப்புகளை உடைக்கின்றன. பல பீடைநாசினிகளும் சாயங்களும் எண்ணெய்க் கழிவுகளும் அவற்றுக்கு இரையாவது இதனால்தான். எளிதில் அழியாத பூச்சிநாசினியான டீ.டீ.ரீ.யைக்கூட இத்தகைய பங்கசு காபனீரொட்சைட்டு வரை சிதைப்பதை 1985இல் அமெரிக்க ஆய்வாளர்கள் காட்டினர்.

செம்பின் கதை வேறு. அது ஒரு மூலகம். எந்த நொதியத்தாலும் அதை உடைக்க முடியாது. 1946இல், இலைகளில் பங்கசால் உண்டாகும் கொப்புள நோய் இலங்கைத் தேயிலையைத் தாக்கிய பின்னர் நம் மலைகளில் செம்பு கலந்த பங்கசுநாசினிகள் நெடுங்காலமாகத் தெளிக்கப்பட்டன. மண்ணில் தங்கிய செம்பைப் பங்கசு உறிஞ்சிச் சேர்த்துவைக்கலாம், அவ்வளவே. அத்தகைய மண்ணில் முளைத்த காளானைச் சமைத்து உண்பதும் ஆபத்தானது.

எமக்கு உடனே பயன்படக்கூடியது சுவீடனில் 1993 முதல் நடைமுறையிலுள்ள முறையாகும். பீடைநாசினி மருந்துத் தாங்கிகளை நிரப்பும் இடத்தில் குழி வெட்டி, வைக்கோல் இரு பங்கு, சதுப்புநில உக்கல் ஒரு பங்கு, மண் ஒரு பங்கு கலந்திட்டு, மேலே புல் வளர்க்கின்றனர். சிந்தும் மருந்தை அந்தக் கலவை பிடித்துவைக்க, வைக்கோலில் வளரும் பங்கசுகளும் மண்ணிலுள்ள பற்றீரியாக்களும் அதைச் சிறுகச் சிறுகச் சிதைக்கின்றன. இங்கோ தெளிகருவிகள் ஓடையிலும் சில வேளை பீலிக்கரையிலுமே கழுவப்படுகின்றன. அந்த நீர் கொத்மலை ஓயாவையும் மகாவலியையும் சேருமுன், கீழே உள்ள லயன் வீடுகளின் குடங்களை நிரப்புகிறது என்பது பெரும் வேதனை.

தலவாக்கலைத் தேயிலை ஆராய்ச்சி நிறுவகம் ஒரு தோட்டத்திலாவது இத்தகைய குழியை அமைத்து, எந்த மருந்து எவ்வளவு காலத்தில் சிதைகிறது, இடையில் உண்டாகும் பொருள்கள் நச்சுத்தன்மை உடையனவா என்று அளந்து பார்க்க வேண்டும். சிப்பிக் காளான் பறித்தபின் எறியப்படும் மரத்தூள் பைகளில் நொதியங்கள் எஞ்சியிருப்பதால் அவற்றையும் கலவையில் சேர்த்துப் பார்க்கலாம். எமது மழைக்குக் கூரை கட்டாயம் தேவை. செம்பு மருந்து கழுவிய நீரை அக்குழியில் விடவே கூடாது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியர்,
லிந்துலை.