இணையப் படிப்பில் முறை பார்த்துச் சேர வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

மாணவர்கள் இணையவழியில் சேர்ந்து படிக்கக்கூடிய படிப்புகளின் பட்டியலைத் தங்கள் நாளிதழ் அவ்வப்போது வெளியிடுகிறது. படிப்பின் பெயரும் நடத்தும் நிறுவனத்தின் பெயரும் அதில் இருக்கின்றனவே தவிர, அது எந்த முறையில் நடக்கிறது என்ற விவரம் இருப்பதில்லை. மூன்று முறைகளில் படித்துப் பார்த்த கணித ஆசிரியை நான்; ஒருவர் படிப்பை முடிப்பதும் பாதியில் விடுவதும் பெரும்பாலும் அந்த முறையைப் பொறுத்ததே என்று கருதுகிறேன்.

கோர்செரா, எடெக்ஸ் போன்ற தளங்களால் 2012 முதல் பரவிய முறையில், பாடம் சிறுசிறு காணொளிகளாகவும் கணினியே திருத்தும் வினாக்களாகவும் வருகிறது. புரியாத இடத்தை நிறுத்தி மீண்டும் கேட்கலாம் என்பது பெரிய வசதி. ஆனால் இன்று இவ்வகைப் படிப்புகள் பலவற்றில் கெடு தவறினாலும் தேதியை மாற்றிக்கொள்ள முடிகிறது. புள்ளியியல் படிப்பு ஒன்றை நான் மூன்று முறை தொடங்கியும் இரண்டாம் வாரத்தைத் தாண்டாததற்கு அந்தச் சலுகையே காரணம். அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகம் 2012இல் கெடு வைத்து நடத்திய மின்சுற்றுப் படிப்பிலேயே சுமார் 1,55,000 பேர் பதிவு செய்து, ஏறத்தாழ 7,000 பேர்தான் தேர்ச்சி பெற்றனர்.

ஐ.ஐ.டி.களும் இந்திய அறிவியல் கழகமும் நடத்தும் என்பிடெல் என்ற இணையவழிக் கல்வித் திட்டத்தின் படிப்புகளில் விரிவுரை நீளமானது. வகுப்பறையில் அமர்ந்திருப்பதைப் போன்றே இருக்கும். ஆனால் வாரந்தோறும் ஒப்படைப்பு உண்டு, அதற்குக் கெடுவும் உண்டு. எட்டு வாரப் படிப்பில் சிறந்த ஆறு ஒப்படைப்புகளுக்கு 25 மதிப்பெண்ணும், மையத்துக்கு நேரில் சென்று எழுதும் தேர்வுக்கு 75 மதிப்பெண்ணும் வழங்கப்படுகின்றன. தேர்வுக்குப் பணம் கட்டி, நாளும் குறித்துவிட்ட பிறகு தள்ளிப்போட வழியில்லை. பைத்தான் நிரலாக்கத்தை நான் முடித்தது இப்படித்தான்.

மூன்றாவது முறையே இவற்றுக்கெல்லாம் மூத்தது. 2008இல் கனடாவின் மானிட்டோபா பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் சீமென்ஸும் ஸ்டீபன் டவுன்ஸும் நடத்திய படிப்பில், கட்டணம் செலுத்திய சுமார் 25 பேருடன் ஏறத்தாழ 2,200 பேர் இலவசமாகச் சேர்ந்தனர். படிப்பவர்கள் தத்தம் வலைப்பதிவில் எழுதியதும் ஒருவருக்கொருவர் அளித்த மறுமொழியும் அங்கே பாடத்தின் பகுதியாயின. அவ்வழியில் நடந்த ஒரு படிப்பில் சேர்ந்தபோது, முதல் இரு வாரங்கள் எதைப் படிப்பதென்றே தெரியாமல் தவித்தேன். பிறகு, பின்னங்களைக் கற்பிப்பது குறித்து நான் எழுதிய குறிப்புக்கு முகமறியாத ஓர் ஆசிரியர் அனுப்பிய பதில், என் வகுப்பில் அந்தப் பாடத்தை நடத்தும் விதத்தையே மாற்றிவிட்டது. வேறெந்தப் படிப்பிலும் எனக்கு இது கிடைத்ததில்லை.

என்பிடெல் பாடங்கள் பலவற்றின் எழுத்து வடிவம் தமிழில் கிடைத்தாலும், நான் படித்தபோது வினாக்களும் கலந்துரையாடலும் ஆங்கிலத்திலேயே நடந்தன. தமிழ்வழியில் படித்து வந்த மாணவர் அங்கே சந்தேகம் கேட்கத் தயங்குகிறார். கல்லூரிகளும் மாவட்ட மைய நூலகங்களும் ஒரே படிப்பில் சேர்ந்தவர்களை வாரம் ஒருநாள் கூட்டித் தமிழில் விவாதிக்கச் செய்தால், கெடுவின் பயனும் உரையாடலின் பயனும் அவர்களுக்கு ஒருங்கே கிட்டும். தங்கள் அடுத்த பட்டியலில் ஒவ்வொரு படிப்புக்கும் நேரே கெடு உண்டா, தேர்வு நேரிலா, சந்தேகங்களுக்குப் பதில் சொல்வது யார் என்ற விவரங்களையும் சேர்த்து வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கணித ஆசிரியை ஒருவர்,
விருதுநகர்.