ஹைஸ்பீடு ஸ்டீல் என்று விற்கப்பட்ட உளிப் பட்டைகள் குறித்த புகார்

அனுப்புநர்
கடைசல் பட்டறை உரிமையாளர்,
குடியாத்தம், வேலூர் மாவட்டம்.

பெறுநர்
வாடிக்கையாளர் குறைதீர்ப்பு மேலாளர் அவர்கள்,
கருவி எஃகு விற்பனைப் பிரிவு.

பொருள்: எம்2 ஹைஸ்பீடு ஸ்டீல் என்று அனுப்பப்பட்ட பட்டைகள் சாதாரணக் கார்பன் எஃகாக இருப்பது – பணத்தைத் திரும்பக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். கட்டில் கால், தொட்டில் கட்டை, மத்து, பூரிக்கட்டை முதலியவற்றைக் கடைந்து கொடுத்துப் பிழைப்பவன் நான். எனக்கு வேண்டிய உளிகளை நானே செய்துகொள்வது வழக்கம். முன்பெல்லாம் பழைய அரத்தையும் லாரி ஸ்பிரிங் பட்டையையும் கொல்லரிடம் கொடுத்து, அடித்துப் பதம் ஏற்றி வாங்குவோம். காய்ந்த புளி, கருவேலம் போன்ற வைரம் பாய்ந்த மரங்களில் அந்த உளிகளின் கூர் நெடுநேரம் நிற்பதில்லை. மோட்டார் சாணையில் தீட்டும்போது சற்று அசந்தாலும் சூடேறிப் பதம் (கடினம்) போய்விடும். இந்த இரண்டு தொல்லைகளும் வேண்டாம் என்றுதான், டங்ஸ்டனும் மாலிப்டினமும் கலந்த, சூடேறினாலும் கடினம் குறையாத எம்2 வகை எஃகை நாடி, 'எம்2 ஹைஸ்பீடு ஸ்டீல், கடினப்படுத்தியது' என்று ஸ்டிக்கர் ஒட்டிய, 25 மி.மீ. அகலமும் 6 மி.மீ. கனமும் உள்ள பட்டைகளைக் கார்பன் எஃகைவிடப் பல மடங்கு விலை கொடுத்துத் தங்களிடம் வாங்கினேன்.

ஒரு பட்டையை வாய் சாய்ந்த உளியாகத் தீட்டி, பூண் போட்ட பிடியில் பொருத்தினேன். தீட்டும்போது முனையில் நீலம் ஏறியது. ஹைஸ்பீடு ஸ்டீலில் நீலம் ஏறுவது புதிதல்ல என்பதால் அதைப் பொருட்படுத்தவில்லை. ஆனால் வேப்ப மரத்தில் ஒரு கட்டில் கால் முடிவதற்குள் வாய் மழுங்கி, மரத்தைச் சீவாமல் பிய்க்கத் தொடங்கியது. அரத்தை வைத்துப் பார்த்தபோது, தீட்டாத பகுதியில் அரம் வழுக்கிச் சென்றது. நீலம் ஏறிய இடத்தில் நன்றாகக் கடித்து உலோகத்தை எடுத்தது.

இதைத் தெரிவித்தபோது, நான் சூடேற்றி எஃகைக் கெடுத்துவிட்டதாகவும், தீட்டும்போது அடிக்கடி தண்ணீரில் தோய்த்திருக்க வேண்டும் என்றும் தங்கள் அலுவலகம் பதில் அனுப்பியது. அந்தப் பதிலே என் புகாருக்குச் சான்று. எஃகில் நீலம் தோன்றுவது ஏறக்குறைய 300 பாகை செல்சியஸ் வெப்பத்தில். கார்பன் எஃகு அந்தச் சூட்டில் பதம் இழக்கும். எம்2 எஃகையோ 540 பாகைக்கு மேல் சூடேற்றித்தான் பதப்படுத்துகிறார்கள். சாணையில் நீலம் ஏறியதற்காக அதன் கடினம் போகாது. தீட்டிச் சூடாக இருக்கும் ஹைஸ்பீடு ஸ்டீலைத் தண்ணீரில் தோய்த்தால் வாயில் நுண்ணிய வெடிப்பு விழக்கூடும் என்பதால் அதைத் தவிர்க்கும்படி சொல்வதே முறை. கார்பன் எஃகுக்குரிய அறிவுரையை ஹைஸ்பீடு ஸ்டீல் வாங்கியவனுக்குத் தாங்கள் ஏன் வழங்கினீர்கள் என்று விளக்க வேண்டும்.

ஐயம் தீர, என்னிடம் உள்ள பழைய ஹைஸ்பீடு ஸ்டீல் டூல் பிட் (லேத்தில் உலோகம் கடையும் வெட்டுமுனை) ஒன்றையும் தங்கள் பட்டையையும் ஒரே வெள்ளைச் சாணைக் கல்லில் அடுத்தடுத்துப் பிடித்தேன். டூல் பிட்டில் மங்கிய செந்நிறப் பொறிகள், அதிகம் கிளைக்காமல், குறைவாகவே வந்தன. தங்கள் பட்டையில் மத்தாப்பு கொளுத்தியது போல வெளிர்நிறப் பொறிகள் கொத்துக் கொத்தாக வெடித்துப் பிரிந்தன. இந்தப் பொறியைக் கண்டால் இங்குள்ள எந்த லேத் பட்டறைக்காரரும் இது கார்பன் எஃகு என்று சொல்லிவிடுவார். (ஸ்டிக்கரின் தரத்தில் எனக்குக் குறையில்லை, எத்தனை சூட்டிலும் அது உரியவில்லை.)

கார்பன் எஃகை நான் இழிவாகச் சொல்லவில்லை. அதுவும் நல்ல கூர் பிடிக்கும். அதற்குரிய பெயரிலும் விலையிலும் விற்றிருந்தால் அதற்கேற்ப மெதுவாகத் தீட்டியிருப்பேன். பெயர் மாறினால் தீட்டும் முறையும் மாறுகிறது. மழுங்கிய உளியை அழுத்திப் பிடிக்க நேரும்போது அது மரத்தில் சிக்கிக் கையை முறிக்கும் அபாயமும் உண்டு.

ஆகவே, பட்டைகளின் முழு விலையையும் அனுப்புச் செலவையும் திருப்பித் தருமாறும், டங்ஸ்டன் சுமார் 6 சதவீதம், மாலிப்டினம் சுமார் 5 சதவீதம் இருக்க வேண்டிய இந்த எஃகுக்கு ஆலை வழங்கிய சோதனைச் சான்றின் நகலைக் காட்டுமாறும், அது இல்லையெனில் இந்தச் சரக்கின் விற்பனையை நிறுத்துமாறும் கேட்டுக்கொள்கிறேன். இக்கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் பதில் வராவிட்டால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-லும், வேலூர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலும் முறையிடுவேன். தொழிலுக்கு வாங்கியவன் நுகர்வோர் அல்லன் என்று தாங்கள் வாதிட இடமில்லை. சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டும் பொருள் வாங்குபவரை 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நுகர்வோராகவே ஏற்கிறது.

விலைச்சீட்டின் நகலையும் பொறிச் சோதனையின் படங்களையும் இணைத்துள்ளேன். கெட்டுப்போன உளியைத் தங்கள் செலவில் எடுத்துச் சென்று சோதித்துக்கொள்ளலாம். தீட்டாத பட்டை ஒன்றை மட்டும், ஸ்டிக்கருடன், சான்றுக்காக என்னிடமே வைத்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)