பறவைக்கு 40 சதவீதம் வரி

அன்புள்ள கயல்,

போன மாதம் நியூயார்க் மியூசியத்திலிருந்து நீ அனுப்பிய போட்டோவைப் பார்த்து, "உலக்கைக்கு யார் பாலிஷ் போட்டது?" என்று கேட்டுவிட்டேன். நீ பதிலே போடவில்லை. கோபம் என்று புரிந்தது. அப்புறம்தான் அந்தச் சிற்பத்தைச் செய்த பிரான்குசி யார் என்று தேடிப் படித்தேன். ருமேனியாவில் ஒரு கிராமத்தில் பிறந்து பாரிஸில் வாழ்ந்தவர். பிரெஞ்சுச் சிற்பி ரொதானின் பட்டறையில் சேர்ந்து, பெரிய மரத்தடியில் எதுவும் வளராது என்று கொஞ்ச நாளிலேயே கிளம்பிவிட்டாராம்.

ஆனால் என்னை உட்கார்த்தி வைத்தது சுங்க வழக்குதான். முப்பத்து நான்கு வருடம் அந்த வேலையில் குப்பை கொட்டியவன் இல்லையா!

1926-இல் அவருடைய வெண்கலப் பறவைச் சிற்பம் ஒன்று நியூயார்க் துறைமுகத்தில் வந்து இறங்கியது. கலைப்படைப்புக்கு வரி கிடையாது. ஆனால் இதில் அலகு இல்லை, இறகு இல்லை, கால் இல்லை. அதிகாரிகள் சமையலறை, ஆஸ்பத்திரிச் சாமான்கள் வரும் பிரிவில் சேர்த்து 40 சதவீதம் தீட்டிவிட்டார்கள். உண்மையைச் சொன்னால், அந்த மேசையில் நான் இருந்திருந்தாலும் அதே முத்திரையைத்தான் குத்தியிருப்பேன். சிற்பம் என்றால் இயற்கையில் உள்ள உருவத்தைப் பார்த்துச் செய்ததாக இருக்க வேண்டும் என்று 1916-இல் ஒரு தீர்ப்பே இருந்தது.

விஷயம் கோர்ட்டுக்குப் போனது. பறவையை வாங்கிய புகைப்படக் கலைஞர் ஸ்டைகனிடம், "இதைக் காட்டில் பார்த்தால் சுடுவீர்களா?" என்று நீதிபதி கேட்டார். மாட்டேன் என்றார் அவர். நல்ல மெக்கானிக் ஒருவன் இதைச் செய்துவிட மாட்டானா என்று சிற்பி எப்ஸ்டைனிடம் கேள்வி. பளபளப்பாக்குவான், ஆனால் இப்படி ஒன்றை அவனால் நினைத்துப் பார்க்க முடியாது என்று பதில். அந்த இடத்தை இரண்டு தடவை படித்தேன். 1928 நவம்பரில் பறவை ஜெயித்தது.

உன் போட்டோவை மறுபடி எடுத்துப் பார்த்தேன். அடியில் ஒல்லியாகக் கிளம்பி, நடுவில் லேசாக உப்பி, உச்சியில் சரிவாக முடிகிறது. கொக்கு எழும்பும்போது கழுத்தை நீட்டுமே, அது தெரிந்தது.

சரி, ஒரு விஷயம். தீபாவளிக்கு நீ செய்து அனுப்பிய கருங்கல்லில் அம்மா இஞ்சி தட்டிக்கொண்டிருந்தாள். நானும் பார்த்துக்கொண்டு சும்மாதான் இருந்தேன். இன்று கழுவித் துடைத்து ஷோகேஸில் வைத்திருக்கிறேன். இன்னும் வாசனை போகவில்லை. பார்சலில் ஒட்டியிருந்த சீட்டையும் தேடி எடுத்துப் பார்த்தேன். 'வீட்டு உபயோகப் பொருள்' என்று நீயே எழுதியிருக்கிறாய். அடுத்த தடவை சிற்பம் என்றே எழுது. வரி போட்டால் நான் கட்டுகிறேன்.

அன்புடன்,
அப்பா