ஸ்லாட் மெஷின் மசோதாவுக்கு வாக்களிக்கப் போகும் உறுப்பினர்களுக்கு

மதிப்புக்குரிய சட்டமன்ற உறுப்பினர்களுக்கு,

வணக்கம். பட்ஜெட்டில் துண்டு விழும்போதெல்லாம் ஸ்லாட் மெஷின்களுக்கு, அதாவது பட்டனைத் தட்டினால் சின்னங்கள் உள்ள சக்கரங்கள் சுழன்று, சின்னங்கள் பொருந்தி நின்றால் பரிசு தரும் சூதாட்ட மெஷின்களுக்கு, உரிமம் கொடுத்துவிடலாம் என்ற பேச்சு கிளம்பிவிடுகிறது. வரியைக் கூட்ட வேண்டாம், விருப்பப்பட்டவர்கள்தானே ஆடுகிறார்கள் என்று சொல்லப்படுகிறது. சூதாட்டம் பாவம் என்று வாதாட நான் வரவில்லை. பொழுதுபோக்காகச் சீட்டாடுகிறவரைத் திருத்துவது சட்டமன்றத்தின் வேலையும் அல்ல. என் கேள்வி வரவு செலவு பற்றியது. இந்தப் பணம் யாரிடமிருந்து வரும்? வரத் தொடங்கிய பிறகு அரசால் அதை விட முடியுமா?

முதலில் மெஷினைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலம் 2004இல் ஸ்லாட் மெஷின்களை அனுமதித்தபோது, போடும் பணத்தில் குறைந்தது 85 விழுக்காட்டை மெஷின் திருப்பித்தர வேண்டும் என்று விதித்தது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. நூறு டாலரோடு போகிறவர் எண்பத்தைந்தோடு திரும்புவார் என்று தோன்றும். ஆனால் அந்தச் சராசரி ஒவ்வொரு பந்தயத்துக்கும் உரியது, கையில் கொண்டுபோன பணத்துக்கு அல்ல. ஆறு விநாடிக்கு ஒருமுறை பட்டனைத் தட்டினால் மணிக்கு 600 ஆட்டம். ஆட்டத்துக்கு ஒரு டாலர் வைத்தால், சராசரியாக மணிக்கு 90 டாலர் காலி. கிடைத்த காசையும் திரும்ப உள்ளே போடவைப்பதில்தான் மெஷினின் சாமர்த்தியம் இருக்கிறது.

அந்தச் சாமர்த்தியம் தற்செயலாக வந்ததல்ல. 1984இல் டெல்னெஸ் என்பவருக்கு, சக்கரம் எங்கே நிற்கும் என்பதைக் கணினியின் எண்களால் முடிவுசெய்யும் முறைக்கு அமெரிக்காவில் ஒரு காப்புரிமை கிடைத்தது. சுழலும் சக்கரத்தில் கண்ணுக்குத் தெரியும் இடங்கள் இருபத்துச் சொச்சம்தான் இருக்கும். ஆனால் உள்ளே கணினி எண்களைக் குலுக்கும் பட்டியல் அதைவிட நீளமாக இருக்கலாம். பெரிய பரிசுச் சின்னத்துக்கு அந்தப் பட்டியலில் ஓரிரு எண்கள், அதற்குப் பக்கத்திலிருக்கும் வெற்றிடங்களுக்கு நிறைய எண்கள் என்று ஒதுக்கிவிடலாம். ‘அடடா, ஒரு கட்டத்தில் போச்சே’ என்று ஆடுகிறவர் அடிக்கடி நினைப்பது இப்படித்தான். இன்றைய திரை மெஷின்களில் இன்னொன்றும் உண்டு: இருபது காசு கட்டி எட்டுக் காசு திரும்பக் கிடைத்தாலும் ஜெயித்த மாதிரியே மணி அடிக்கும், விளக்கு மின்னும். பன்னிரண்டு காசு நஷ்டத்துக்கு ஒரு கொண்டாட்டம்!

சரி, இதில் மாட்டுவது யார்? ஆஸ்திரேலியாவின் உற்பத்தித்திறன் ஆணையம் 2010இல் கொடுத்த அறிக்கையில், இந்த மெஷின்களில் இழக்கப்படும் பணத்தில் சுமார் 40 விழுக்காடு சூதாட்டச் சிக்கலில் இருப்பவர்களுடையது என்று மதிப்பிட்டது. அவர்களோ மொத்த மக்களில் மிகச் சிறிய பகுதியினர். எப்போதாவது வந்து பத்து டாலர் தோற்றுவிட்டுச் சிரித்துக்கொண்டே போகிறவரை நம்பி இந்தத் தொழில் நடக்கவில்லை. நிதித்துறையின் கணக்கும் அவரை நம்பி நிற்காது.

எனக்கு உண்மையில் கவலை தருவது இதற்கு அடுத்த கட்டம். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் 1956இலேயே கிளப்புகளில் இந்த மெஷின்களை அனுமதித்துவிட்டது. அரை நூற்றாண்டுக்கும் மேல் கழித்து, எவ்வளவு இழக்கலாம் என்று ஆடுகிறவர் முன்கூட்டியே வரம்பு வைப்பதைக் கட்டாயமாக்க வேண்டும் என்று ஆண்ட்ரூ வில்கி என்ற ஆஸ்திரேலிய நாடாளுமன்றச் சுயேச்சை உறுப்பினர் வலியுறுத்தினார். அவருடைய ஆதரவு தேவைப்பட்ட பிரதமர் ஜூலியா கில்லார்டு 2010இல் ஒப்புக்கொண்டார். கிளப்புகள் கொதித்தெழுந்து பிரசாரம் செய்தன. 2012 ஜனவரியில் அந்த ஒப்பந்தம் கைவிடப்பட்டது. மெஷினைத் தடை செய்யக்கூட யாரும் கேட்கவில்லை, வரம்புதான் கேட்டார்கள். அதற்கே இந்தக் கதி.

நார்வே வேறு மாதிரி செய்தது. 2007இல் பழைய மெஷின்களை மொத்தமாகத் தடை செய்தது. பிறகு, ஆடுகிறவருக்கு அடையாள அட்டையும் தினசரி, மாத வரம்பும் கட்டாயமான மெஷின்களை அரசு நிறுவனத்தின் வழியாக மட்டும் கொண்டுவந்தது. ஆக, முடியாத காரியம் அல்ல. ஆனால் வருவாய் குறைந்தாலும் பரவாயில்லை என்று சொல்லத் துணிவு வேண்டும். அந்த வருவாயை நம்பியே இங்கே மசோதா வருகிறது.

‘பணம் பள்ளிக்கூடங்களுக்குத்தானே போகிறது’ என்பார்கள். அமெரிக்காவின் மேரிலாந்து மாநில மக்களிடமும் 2008இல் அதையே சொல்லித்தான் வாக்குக் கேட்டார்கள். கல்வி நிதிக்குப் பணம் வந்தது. ஆனால் கல்விக்கு ஏற்கெனவே கொடுக்க வேண்டிய தொகைக்கு அது ஈடாகிவிட, அப்படி மிச்சமான பொதுப்பணம் வேறு செலவுகளுக்குப் போனது. சூதாட்டப் பணம் வழக்கமான ஒதுக்கீட்டுக்கு மேல் கூடுதலாகவே தரப்பட வேண்டும் என்று 2018இல் மக்கள் மறுபடி வாக்களித்து அரசமைப்பைத் திருத்த வேண்டியதாயிற்று.

அண்டை மாநிலத்துக்குப் போகும் பணத்தை இங்கேயே நிறுத்தலாம் என்ற வாதத்துக்கு, அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்துச் சூதாட்ட நகரமான அட்லாண்டிக் சிட்டியைப் பார்த்தால் போதும். பக்கத்துப் பென்சில்வேனியாவில் 2006இல் மெஷின்கள் ஓடத் தொடங்கியபின் அதன் வருமானம் சரிந்துகொண்டே வந்தது. 2014இல் மட்டும் நான்கு கேசினோக்கள் மூடப்பட்டன. நாம் திறந்தால் பக்கத்தில் இருப்பவரும் திறப்பார், அவ்வளவுதான்.

ஒரே ஒரு வேண்டுகோள். வாக்கெடுப்புக்கு முன்னால் நிதித்துறையிடம் இரண்டாவது மதிப்பீடு ஒன்றைக் கேளுங்கள். ஆடுகிறவருக்கு அட்டை கட்டாயம், மாத இழப்புக்கு வரம்பு, ஆட்டத்தின் வேகத்துக்கும் பந்தயத் தொகைக்கும் கட்டுப்பாடு. இவற்றை மசோதாவிலேயே எழுதினால் வருவாய் எவ்வளவு என்று கணக்குப் போட்டு, அதை இப்போதைய மதிப்பீட்டுக்குப் பக்கத்தில் அவையில் வைக்கச் சொல்லுங்கள். இரண்டுக்கும் இடையிலுள்ள தொகை யாருடைய பணம் என்று அமைச்சர் பதில் சொல்லட்டும். அதற்கப்புறம் வாக்கெடுப்பை வைத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
வரி கட்டும் ஒரு வாக்காளர்