எட்டப்பன் யாரென்று பாதியில்தான் தெரியும்

ஆசிரியர் அவர்களுக்கு,

விடுமுறைக்கேற்ற பலகை விளையாட்டுகள் பற்றிய ஞாயிறு இணைப்புக் கட்டுரையில் 'பிட்ரேயல் அட் பால்டர்ஸ் கேட்' ஆட்டத்தில் எல்லோரும் ஒரே அணி என்று எழுதியிருந்தீர்கள். பாதி ஆட்டம் வரைதான் அது சரி. பிறகு பெரும்பாலும் ஒருவர் எட்டப்பனாகி மற்றவர்களை எதிர்ப்பார். 'ஹாண்ட்' எனப்படும் அந்தத் திருப்பத்துக்கு 50 கதைகள் உண்டு. சிலவற்றில் துரோகியே கிடையாது. சிலவற்றில் யாரென்றே சொல்லமாட்டார்கள்.

2004இல் வந்த பேய்வீட்டு ஆட்டத்தை ஒரு மாயாஜால நகரத்துக்கு மாற்றி 2017இல் வெளியிட்டது இது. வீட்டின் அறைகளுக்குப் பதில் தெருக்கள், கட்டடங்கள், நிலத்தடிக் கல்லறைகள். ஆட ஆட ஒவ்வோர் இடத்தையும் ஓர் அட்டையாகத் திறந்து பக்கத்தில் சேர்த்துக்கொண்டே போக வேண்டும். 3 முதல் 6 பேர் ஆடலாம். மூன்று பேருக்கு அவ்வளவாகச் சோபிக்காது. ஐந்து பேர் சேர்ந்தால் களைகட்டும்.

திருப்பம் எப்போது வரும் என்பது பகடையின் கையில். பகடைகளில் 0, 1, 2 மட்டுமே. மூல ஆட்டத்தின் 2010 பதிப்பில், சில இடங்களைத் திறக்கும்போது எடுக்கும் சகுனச் சீட்டு ஒவ்வொன்று வந்ததும் ஆறு பகடைகளை உருட்ட வேண்டும். கூட்டுத்தொகை அதுவரை வந்த சகுனங்களின் எண்ணிக்கையைவிடக் குறைந்தால் ஹாண்ட் தொடங்கும். மூன்றாவது சகுனத்தில் அதற்கு 729இல் 28 வாய்ப்பு, ஆறாவதில் 294. மூன்றாவதிலேயே வந்துவிட்டால் கையில் ஆயுதம் இருக்காது, பாதி இடங்கள் திறந்திருக்காது. ஒரு தரப்பு பத்தே நிமிடத்தில் சுருண்டுவிடும். அது விதியின் குறையல்ல, பகடையின் குணம். பகடை தொலைந்தால் சாதாரணப் பகடையே போதும்: 1, 2 விழுந்தால் பூஜ்யம், 3, 4 என்றால் ஒன்று, 5, 6 என்றால் இரண்டு.

உண்மையான சிக்கல் மொழிதான். ஹாண்ட் தொடங்கியதும் துரோகி தன் தரப்பு விதிகள் உள்ள புத்தகத்தோடு அடுத்த அறைக்குப் போய்த் தனியாகப் படிக்க வேண்டும். மற்றவர்கள் வேறு புத்தகத்தைப் படிப்பார்கள். இரண்டும் ஆங்கிலம். ஆங்கிலம் தடுமாறும் பிள்ளை துரோகியானால் யாரிடம் கேட்கும்? எதிரில் இருப்பவர்கள் எல்லாம் எதிரிகள்! 'செய்யலாம்' என்பதை 'செய்தே ஆகவேண்டும்' என்று புரிந்துகொண்டால், ஜெயித்த பிறகுதான் தப்பு தெரியும். அப்புறம் சண்டைதான். எந்தக் கதை வரும் என்பது கிடைத்த சகுனத்தையும் இடத்தையும் பொறுத்தது என்பதால், முன்கூட்டியே ஒன்றைமட்டும் மொழிபெயர்த்து வைக்கவும் முடியாது. ஆடாத ஒருவர் நடுவராக இருந்து, இரு தரப்புக்கும் தனித்தனியே தமிழில் வாசித்துச் சொல்வதே வழி. திரும்பத் திரும்ப வரும் இருபது சொற்களை மட்டும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தாலே பாதி வேலை முடிந்தது.

சென்னை வீடுகளுக்கு இன்னும் சில யோசனைகள். சாப்பாட்டு மேஜை போதாது, அட்டைகள் எந்தப் பக்கம் வளரும் என்று தெரியாது; தரையில் பாய் விரித்து ஆடுங்கள், மின்விசிறியை ஒன்றில் வையுங்கள். சீட்டுகள் பறந்தால் அடுக்கு கலைந்துவிடும். மழைக்காலத்தில் அட்டை ஓரங்கள் ஈரம் குடித்து உப்பும். புதுச் செருப்புப் பெட்டியில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டை உள்ளே போட்டு வையுங்கள். பாத்திரத்தின் வலிமை, வேகம் போன்ற எண்களைக் காட்டும் பிளாஸ்டிக் கிளிப் நழுவினால், பென்சிலால் ஒரு தாளில் குறித்துக்கொள்வது மேல்.

— வாசகர்கள் சிலர்,
மயிலாப்பூர், சென்னை