அட்டை கட்டிக்கொடுத்த அந்தக் காவலருக்கும் மற்ற எல்லோருக்கும்

அனைவருக்கும் வணக்கம். சிறைக்குள் நாம் வரைந்த படங்களின் கண்காட்சி நேற்று மாலையோடு நல்லபடியாக முடிந்தது. நடக்குமா நடக்காதா என்று கடைசிவரை நாம் பட்ட பாடு உங்களுக்கே தெரியும், அதைத் திரும்பச் சொல்லப் போவதில்லை. நன்றி சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

முதல் நன்றி, உடைமைகளைத் திருப்பிக் கொடுக்கும் அறையில் இருந்த காவலருக்கு. அவர் பெயர் எனக்குத் தெரியாது. விடுதலையாகும் அன்று நம் சாமான்களைப் பட்டியலோடு சரிபார்த்து, ஒரு பிளாஸ்டிக் பையில் திணித்துக் கொடுப்பார்கள். என் படங்களோ மெல்லிய தாளில் பென்சிலாலும் டீத்தூள் சாயத்தாலும் வரைந்தவை. ஒரு தடவை மடித்தால் போதும், முகத்தின் குறுக்கே கோடு விழுந்துவிடும். அவர் பையை எடுத்தார், படங்களைப் பார்த்தார், பையைக் கீழே வைத்துவிட்டார். சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் புரட்டினார். எனக்குப் பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள், அவர் நிமிரவில்லை. மூலையில் கிடந்த அட்டைப்பெட்டியைக் கிழித்து, மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக வைத்து, கோப்பு கட்டும் நூலால் இறுகக் கட்டினார்.

"அம்மாவுக்குக் கண்ணு நல்லா வந்திருக்கு" என்றார்.

அது என் அம்மா என்று நான் சொல்லவே இல்லை. அதுவரை சீருடை போட்ட கை என் தாள்களைத் தொட்டதெல்லாம் சோதனைக்காகத்தான். நேற்றுச் சுவரில் மாட்டியிருந்த அத்தனை படங்களும் அந்த அட்டைக்குள் இருந்து வந்தவை, ஐயா. ஒன்றில்கூட மடிப்பு இல்லை.

அப்புறம், எங்கள் ஓவிய ஆசிரியர். பென்சிலை உள்ளே போகும்போதும் வெளியே வரும்போதும் எண்ணிக் காட்டி, அழைத்துப்போகக் காவலர் இல்லை என்று வகுப்பு ரத்தாகும் நாட்களில் வாசலோடு திரும்பி, அடுத்த வாரம் மறுபடி வந்து நிற்பார். 1937இல் ஸ்பெயின் சிறையில், எந்த நாளும் சுட்டுக் கொல்லப்படலாம் என்ற நிலையில் இருந்த எழுத்தாளர் ஆர்தர் கோஸ்லர்தான் 1962இல் பிரிட்டனில் கைதிகளின் கலைக்கு ஒரு விருதை ஏற்படுத்தினார் என்று ஆசிரியர் சொல்லித்தான் தெரியும். உள்ளே இருந்தவனுக்குத்தானே அந்தத் தேவை புரியும். படங்களுக்குச் சட்டம் போட்டுக் கொடுத்தவர்கள், இடம் தந்தவர்கள், கடிதம் எழுதியவர்கள், பெயர் போடாமல் உள்ளிருந்து படம் அனுப்பிய தோழர்கள், எல்லோருக்கும் நன்றி.

உள்ளே இருக்கும்வரை வகுப்பு உண்டு. வெளியே வந்த அன்றோடு நின்றுபோகிறது. வேலையில்லாமல், யார் முகத்தையும் பார்க்க முடியாமல் இருக்கும் அந்த முதல் மாதங்களில்தான் அது ரொம்பத் தேவை. அதனால் அடுத்த மாதத்திலிருந்து ஞாயிறு மாலைகளில் விடுதலையானவர்களுக்கு நானே வகுப்பு நடத்தப் போகிறேன். வரையத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. பென்சிலை யாரும் எண்ண மாட்டார்கள், வீட்டுக்கே எடுத்துப்போகலாம்.